மாமாவின் ரிவோல்வர்

எனக்குப் பழைய ரிவோல்வர்களைப் பிடிக்கும். புங்குடுதீவில் பிறந்து கலைப்பீடத்தில் படிக்கிற ஒரு பெட்டை இப்படி எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். போன வருடம் கம்பஸில் ஒரு சிநேகிதி என் போனை வாங்கி யூடியூப்பைத் திறந்துவிட்டு, "உனக்கென்ன விசரே?" என்று கேட்டாள். பாட்டுக்கும் சமையலுக்கும் நடுவில், தொப்பி போட்ட கிழவர்கள் மேசையில் துணி விரித்துத் துவக்கைக் கழற்றி எண்ணெய் பூசுகிற வீடியோக்கள் வரிசையாக இருந்தன. அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் ஒரு ரிவோல்வரையும் தொட்டதில்லை, நேரில் கண்டதும் இல்லை. நான் கண்ட துவக்குகள் எல்லாம் ரி-56 வகை. சின்ன வயதில் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் யன்னலால் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் ஒருநாளும் விருப்பம் வந்ததில்லை. அவை வீதியின் ஒரு பகுதி, லைற் கம்பம் மாதிரி. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டோம். ரிவோல்வர் எனக்கு வந்தது வேறு வழியால், மாமாவால்.

மாமா அம்மாவின் தம்பி. 1973இல் பிறந்தவர். எண்பதுகளில் சிவகாசியில் அச்சான லயன், முத்து கொமிக்ஸ்கள் கடல் கடந்து எங்கட தீவுக்கும் வந்தன. ஒரு புத்தகம் நாலு ஐந்து வீடு சுற்றி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் மாமாவின் கைக்கு வருமாம். டெக்ஸ் வில்லர் என்றால் அவருக்கு உயிர். டெக்ஸ் 1948இல் இத்தாலியில் பிறந்த பாத்திரம். ஆக, அமெரிக்கப் பாலைவனத்தை இத்தாலிக்காரன் வரைந்து, சிவகாசிக்காரன் தமிழாக்கி, கடைசியில் உப்புத் தண்ணிக் கிணறுகளும் பனைகளும் மட்டுமிருந்த எங்கட ஊர்ப் பெடியன் ஒருவன் வாசித்திருக்கிறான். "எங்கட ஊர் மாதிரித்தான் இருந்தது, வெயிலும் புழுதியும்" என்று மாமா சொல்லுவார்.

ஊரில் குதிரை இல்லை. ஆனால் குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. அங்கே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றைக்கும் கட்டாக்காலியாக மேய்கின்றன. பத்து வயதில் மாமா வீட்டில் சொல்லாமல் வள்ளத்தில் ஏறிக் குதிரை பார்க்கப் போய்விட்டார். தனியாக விடப் பயந்து அம்மாவும் கூடப் போயிருக்கிறா. பின்னேரம் திரும்பி வந்தபோது அம்மப்பாவிடம் அடி வாங்கியது அம்மா மட்டும்தான், மூத்தவள் என்பதால். இந்தக் கதையை அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா என்று கணக்கில்லை.

துவக்கின் பின்பக்கம் பெருவிரலால் பின்னுக்கு இழுக்கிற அந்தச் சின்ன இரும்புக்கும் தமிழில் குதிரை என்றுதான் பெயர். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. இதை நான் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் சொன்னபோது அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. முப்பது வருடமாக ஜேர்மன் சொல்லையே பாவித்துக்கொண்டிருந்தாராம்.

அந்தக் குதிரைதான் இந்த வகை ரிவோல்வரின் முழு விசயமும். ஆங்கிலத்தில் சிங்கிள் அக்சன் என்பார்கள். விசையை அழுத்தினால் ஒரேயொரு வேலைதான் நடக்கும்: இழுத்து வைத்த குதிரை விடுபட்டு ரவையில் அடிக்கும். குதிரையை இழுப்பது உங்கள் வேலை. அதை இழுக்கும்போதுதான் ரவை உருளை சுழன்று அடுத்த ரவை குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் பெருவிரலால் ஒருதரம் இழுக்கவேண்டும். டபுள் அக்சன் ரிவோல்வரில் விசையே இரண்டு வேலையையும் செய்துவிடும். தானியங்கித் துவக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்த வகையில் பெயர் பெற்றது 1873இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் ரிவோல்வர். ஆறு ரவைக்கு இடம். ஆனால் விசயம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். பழைய வடிவத்தில் குதிரையின் முனை நேரடியாக ரவையின் பின்புறத்தில் பட்டுக்கொண்டிருக்கும். கைதவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடும். அதனால் குதிரைக்கு நேரே வருகிற அறையை வெறுமையாக விடவேண்டும். ஒன்று போட்டு, ஒன்று விட்டு, பிறகு நாலு போட்டு, குதிரையை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால் வெறும் அறை சரியாக அதற்குக் கீழே வந்துவிடும். நூறு வருடம் கழித்து, 1973இல்தான் ரூகர் என்ற அமெரிக்கக் கொம்பனி குதிரைக்கும் ரவைக்கும் நடுவில் ஒரு தகட்டை வைத்து ஆறும் போடக்கூடிய மாதிரிச் செய்தது. விசையை அழுத்தினால் மட்டும் அந்தத் தகடு மேலே நின்று அடியைக் கடத்தும்.

எனக்குப் பிடித்தது இந்த மெதுவான தன்மைதான் என்று சிநேகிதிக்குச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் யோசிக்க ஒரு கணம் கிடைக்கிறது என்று. அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. வடிவாக இருக்கிறது, அதுதான் முதல் காரணம். தையல் மெசினும் பழைய ரலி சைக்கிளும் வடிவாக இருப்பது மாதிரி. குதிரையை இழுக்கும்போது வருகிற கிளிக் கிளிக் சத்தம் காதுக்கு நல்லாயிருக்கிறது. ஆனால் தையல் மெசினால் ஒருவரும் சாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாமா 1990இல் வெளிக்கிட்டார். பதினேழு வயது. அந்த வயதுப் பெடியனை வீட்டில் வைத்திருக்க எல்லா வீடுகளும் பயந்த காலம். ஒரு பக்கம் துவக்கோடு வந்து பிடித்துக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் மற்றப் பக்கம் துவக்கைத் தந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அம்மம்மா தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகையெல்லாம் விற்று ஏஜென்சிக்குக் கட்டினா. அம்மாவின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த நகையும் அதற்குள் போனது. அம்மா ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. "தம்பியின்ர கையில துவக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லுவா. அடுத்த வருடம், 1991இல், ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வராதவர்களின் வீடுகள் இன்றைக்கும் கூரையில்லாமல், சுவருக்குள் மரம் வளர்ந்து நிற்கின்றன. நான் பள்ளிக்கூடம் போன வழியில் அப்படி ஏழு வீடுகள்.

இப்போது அந்த வட்ஸ்அப் வீடியோவுக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அம்மாவுக்கு அதை அனுப்பினார். சுவிற்சர்லாந்தில் ஒரு சூட்டுத் திடல். காதை மூடி, கண்ணாடி போட்டு, ஐம்பது வயது மாமா நிற்கிறார். கையில் ரிவோல்வர். பெருவிரலால் குதிரையை இழுக்கிறார், சுடுகிறார். இழுக்கிறார், சுடுகிறார். ஐந்து தரம். பிறகு திரும்பிக் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், கொமிக்ஸ் வாசித்த பெடியனின் சிரிப்பு. நான் அதைப் பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். அம்மா ஒருதரம் பார்த்தா. முதல் வெடிக்கே போனைக் கதிரையில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனா. அதற்குப் பிறகு நாலு மாதம் மாமாவின் அழைப்பை எடுக்கவில்லை.

அந்த நாலு மாதமும் நான்தான் நடுவில் நின்றேன். அப்போதுதான் மாமாவும் நானும் உண்மையில் கதைக்கத் தொடங்கினோம். அவருடையது அசல் கோல்ட் இல்லை, இத்தாலியில் உபேர்த்தி என்ற கொம்பனி செய்கிற நகல். 1959இல் தொடங்கிய கொம்பனி, பழைய அமெரிக்கத் துவக்குகளை அப்படியே திரும்பச் செய்வதுதான் வேலை. டெக்ஸும் இத்தாலி, துவக்கும் இத்தாலி என்று சொல்லிச் சிரித்தார். பாவித்த சாமானாக வாங்கியது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவருக்குப் புதுசு கட்டுப்படியாகாது. மாதத்தில் ஒரு ஞாயிறு திடலுக்குப் போவார். மற்ற நாட்களில் அது பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். கொண்டு போகும்போது ரவை வேறாக, துவக்கு வேறாக வைக்கவேண்டும். வழியில் கோப்பி குடிக்கக்கூட நிற்கமாட்டாராம்.

"ஏன் மாமா இந்த விருப்பம்?" என்று ஒருநாள் நேரடியாகக் கேட்டேன். அவர் சொன்னதை முடிந்தவரை அவரின்ர வாயாலேயே எழுதுகிறேன்.

"நான் வந்த புதுசில எங்களை ஒரு சின்னக் கிராமத்தில, அகதி முகாமில வச்சிருந்தவங்கள். முதல் சனிக்கிழமை விடிய, படபடவெண்டு வெடிச் சத்தம். நான் கட்டிலுக்குக் கீழ போயிட்டன். என்னோட இருந்த மற்றத் தமிழ்ப் பெடியங்களும் நிலத்தில படுத்திட்டாங்கள். ஒரு சுவிஸ் மனிசி வந்து பார்த்திட்டு என்னவோ சொல்லிச் சிரிச்சா. எங்களுக்குப் பாசை விளங்கேல்ல. பிறகுதான் தெரிஞ்சது, பக்கத்தில சூட்டுத் திடல், ஊர்ச் சனம் சனிக்கிழமையில விளையாட்டுக்குச் சுடுறதாம். நான் பிள்ளை, பதினஞ்சு வருசம் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டனான். வேலை செய்யிற இடத்தில, கடையில, எங்க கேட்டாலும். ஒருநாள் யோசிச்சன், இந்தச் சத்தம் எங்கயிருந்து வருது எண்டு போய்ப் பார்ப்பம் எண்டு. போனன். கிழவன் ஒருத்தர் நிண்டு சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில கூப்பிட்டுக் காட்டினார். சத்தம் எப்ப வரும் எண்டு முதலே தெரிஞ்சால் திடுக்கிடாது. அதிலயும் இந்தத் துவக்கில, குதிரையை நான் இழுத்தால்தான் சத்தம் வரும். நான் இழுக்காட்டி வராது."

இதைக் கேட்டபிறகு எனக்கு அவரின் சிரிப்பு வேறு மாதிரித் தெரிந்தது.

அன்றைக்குக் கிழவர் கூப்பிட்டுக் காட்டியபோதும் மாமா கையில் வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் ஏலாது. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள நாடுகளின் பிரஜைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, சுடவும் கூடாது. செர்பியா, கொசோவோ, பொஸ்னியா, துருக்கி, அல்ஜீரியா, அவற்றோடு இலங்கை. எங்கே சண்டை நடந்ததோ அந்த நாட்டுக்காரர் என்று விளங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருந்து, பரீட்சை எழுதி, சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்தபிறகுதான் மாமா அந்தப் பட்டியலை விட்டு வெளியே வந்தார். பிறகு பொலிஸில் குற்றப் பதிவில்லை என்று காட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தார். "துவக்கை விட அந்தப் பேப்பரைத்தான் முதல் பிறேம் போட்டு வைக்க நினைச்சன்" என்றார். பதினேழு வயதில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஒருவரை அந்த நாடு பதினைந்து வருடமாக, துவக்குக் கிடைத்தால் என்ன செய்வானோ என்ற கண்ணால் பார்த்திருக்கிறது. அந்தப் பேப்பர், இனி உன்னை அப்படிப் பார்க்கமாட்டோம் என்ற எழுத்து.

மாமா போன ஆடியில் கோவில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தார். அம்மா கோபத்தில் இருந்தாலும் நண்டு வாங்கிக் கறி வைத்தா. இரவு சாப்பிட்டபிறகு முற்றத்தில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்தோம். கோவில் பக்கம் வெடி கொளுத்தினார்கள். அம்மம்மா உள்ளே படுத்திருந்தபடி, "ஆரது?" என்று கேட்டா. ஒவ்வொரு திருவிழாவுக்கும், ஒவ்வொரு வெடிக்கும் அவ அப்படித்தான் கேட்பா. அந்தக் கேள்வியோடுதான் கதை தொடங்கியது.

"கேட்டியே தம்பி?" என்றா அம்மா. "இந்த மனிசிக்கு எம்பத்தாறு வயசு. இன்னும் ஆர் எண்டு கேக்குது. நீ காசு குடுத்து அந்தச் சத்தத்தை வாங்குறாய்."

மாமா கட்டிலுக்குக் கீழ் போன கதையை அம்மாவுக்குச் சொன்னார். முப்பத்து நாலு வருடமாக அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. வந்து சேர்ந்தேன், சுகமாக இருக்கிறேன், குளிர் மட்டும் கூட என்றுதான் அந்தக் காலத்துக் கடிதமெல்லாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் இடையில் புகுந்து, அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். நான் அங்கே போனாலும் என் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மாமாவின் ரிவோல்வரைச் சுட ஏலாது, எவ்வளவு அநியாயம் பாருங்கோ என்றேன்.

"அப்ப நல்ல சட்டம்தானே" என்றா அம்மா.

மாமா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. பட்டியலில் என் நாட்டின் பெயர் இருப்பது எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது. 2009இல் எனக்கு ஐந்து வயது, நான் ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தப் பட்டியல் அவமானம் இல்லை. தன் பிள்ளையிடம் துவக்கைக் குடுக்காத ஒரு அரசாங்கத்தை அவ வாழ்க்கையில் முதல்தரமாகக் கேள்விப்படுகிறா. அவவுக்கு அது நல்ல செய்தி.

மாமாவும் சட்டம் வேண்டாம் என்கிற ஆள் இல்லை. 2019 மே 19ஆம் திகதி, முள்ளிவாய்க்காலின் பத்தாவது நினைவுநாளுக்கு மறுநாள், சுவிஸில் ஆயுதச் சட்டத்தை இறுக்குவதா என்று மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. முக்கியமாக நிறைய ரவை கொள்ளுகிற அரைத் தானியங்கித் துவக்குகளைப் பற்றியது. நூற்றுக்கு 63 பேருக்கு மேல் ஓம் என்றார்கள். மாமாவும் ஓம் என்றுதான் தபாலில் அனுப்பினாராம். திடலில் அவரோடு சுடுகிற சிலர் அதற்காகக் கொஞ்ச நாள் கதைக்கவில்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21இலிருந்து சாதாரண ஆட்கள் கைத்துவக்கு வாங்கவோ விற்கவோ ஏலாது என்று நிற்பாட்டியபோதும் அவர் அதைப் பிழை என்று சொல்லவில்லை. "எனக்கு விருப்பம் எண்டதுக்காக எல்லாரும் வச்சிருக்கவேணும் எண்டு இல்லை" என்பார். இதில் முரண் இருக்கிறது என்று நான் சொன்னால், "ஓம், இருக்கு" என்று ஒத்துக்கொள்ளுவார்.

என்னிடமும் முரண் இருக்கிறது. நான் ரசிக்கிற அந்த 1873 ரிவோல்வர் விளையாட்டுக்குச் செய்ததில்லை. அமெரிக்கக் குதிரைப்படை அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அங்குள்ள பூர்வகுடிகளை அவர்களின் நிலத்திலிருந்து துரத்தியது. கொமிக்ஸில் டெக்ஸ் நவஹோ மக்களின் தோழன். நிசத்தில் அந்தத் துவக்கு எந்தப் பக்கம் நின்றது என்பது வேறு கதை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனத்தின் பிள்ளை நான். கூரையில்லாத ஏழு வீடுகளைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள். இதைத் தெரிந்துகொண்டும் அந்தக் கிளிக் சத்தம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. தெரிந்தபிறகு விருப்பம் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய துவக்கை ரசிக்க முடிகிறது, ரி-56ஐ முடியவில்லை என்றால், முதலாவது என் வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் காரணம். யாரோ ஒருவரின் வீட்டுக்கு அது போயிருக்கிறது.

அந்த இரவு அம்மா கடைசியாக ஒரு கேள்விதான் கேட்டா. "ஆறு போடுற துவக்கில ஏன் அஞ்சு போட்டனீ?" அவ வீடியோவில் எண்ணியிருக்கிறா என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுப்படிக்குள் நின்று எண்ணியிருக்கிறா. மாமா விளங்கப்படுத்தினார்: குதிரைக்குக் கீழே வெறும் அறை, விழுந்தாலும் வெடிக்காது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ அந்த நாளில குதிரை பார்க்கப் போய் எனக்கு அடி வாங்கித் தந்தனீ. இப்பவும் உனக்குக் குதிரைதான்" என்றா. பிறகு எழும்பிப்போய் அம்மம்மாவிடம், "கோவில் வெடியம்மா, படுங்கோ" என்றா.

மாமா திரும்பிப்போய் ஒரு மாதத்தில் இன்னொரு வீடியோ அனுப்பினார். அதே திடல், அதே ஐந்து தரம். சத்தத்தை முழுக்க வெட்டியிருந்தார். பெருவிரல் குதிரையை இழுப்பதும் கை கொஞ்சம் மேலே எழும்புவதும் புகையும் மட்டும் தெரிந்தன. அம்மா அதைக் கடைசிவரை பார்த்தா. "மெலிஞ்சு போனான்" என்று மட்டும் சொன்னா. பிறகு அழைப்பு எடுத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டா.

நான் இப்பவும் அந்தக் கிழவர்களின் வீடியோக்களைப் பார்க்கிறேன். காதில் ஹெட்செட் போட்டுக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு. அம்மம்மா அடுத்த அறையில் படுத்திருக்கிறா.